மீன் குருத்தெலும்பும் கொலாஜன் பொடியும்



சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கண் தெளிவாக இருக்கிறதா என்று கவனிக்கிறோம். விலை பேசி வாங்கி வந்து சதையைக் குழம்பில் போடுகிறோம். தலையிலும் முள்ளிலும் ஒட்டிக்கொண்டிருப்பது பூனைக்குப் போய்விடுகிறது. அப்படி நாம் ஒதுக்கிவிடும் பகுதியிலிருந்துதான் இப்போது ஒரு பொடி தயாராகிறது. அதை அழகான டப்பாவில் அடைத்து, ‘கொலாஜன்’ என்று பெயர் போட்டு, நம் லயத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விற்கிறார்கள். முட்டி வலி போகும், தோல் சுருக்கம் மறையும், இரத்தம் சுத்தமாகும், புற்றுநோய்கூட அண்டாது என்றெல்லாம் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் நெஞ்சு படபடக்கும்.

இந்தப் பொடி என்ன பொருள்? அதற்கு உண்மையிலேயே என்ன குணங்கள் உண்டு? அதற்காக நாம் வேர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்றைய பேச்சில் விடை காண்போம்.

முதலில் குருத்தெலும்பு என்றால் என்னவென்று பார்ப்போம். உங்கள் காது மடலைத் தொட்டு மடக்கிப் பாருங்கள். வளைகிறது, ஆனால் ஒடிவதில்லை. அதுதான் குருத்தெலும்பு. மூக்கின் நுனியிலும் அது உண்டு. முழங்காலில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான மெத்தை போல அது போர்த்தியிருக்கிறது. சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பில் கெட்டி எலும்பே கிடையாது. அவற்றின் கூடு முழுவதும் குருத்தெலும்புதான். திருக்கையை நாம் ‘ஈக்கான் பாரி’ என்று வாங்கிப் புளி ஊற்றிக் குழம்பு வைக்கிறோமே, அதில் சதைக்கு நடுவே நறுக் நறுக்கென்று கடிபடும் பாகத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் குருத்தெலும்புக்கு வலிமை தருவது கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பிலுள்ள புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுவே. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இதன் அமைப்பு மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிறு போன்றது. ஒவ்வொரு புரியும் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோத்த சங்கிலி. இந்த முப்புரி அமைப்பை 1954ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் முன்னோர் கப்பலேறிய அதே சென்னைப் பட்டினத்தில் நடந்த ஆராய்ச்சி இது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

கயிறு தண்ணீரில் கரையுமா? கரையாது. கொலாஜனும் அப்படித்தான் சாதாரணத் தண்ணீரில் கரையாமல் கிடக்கும். ஆனால் நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் முறுக்கு அவிழ்ந்து மூன்று புரிகளும் தனித்தனியே பிரிந்து நீரில் கலந்துவிடும். அதற்கு ஜெலட்டின் என்று பெயர். ஆட்டுக்கால் சூப்பையோ மீன்தலைக் குழம்பையோ இரவில் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் தளதளவென்று உறைந்திருக்கிறதல்லவா? அவிழ்ந்த புரிகள் குளிரில் மறுபடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இடையிலே தண்ணீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன. அடுப்பில் வைத்ததும் பின்னல் விட்டுவிடும், குழம்பு இளகிவிடும். திருநாள்களில் நாம் செய்யும் அகார்-அகார் இதுவல்ல. அது கடற்பாசியிலிருந்து வருவது. இரண்டும் உறையும் என்றாலும் பிறப்பு வேறு.

இனி, நீராற்பகுத்த கொலாஜன் என்பது அடுத்த படி. முற்றின ஆட்டுக்கறி வேகாவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடச் சொல்வார்கள். கறி பஞ்சுபோல் வெந்துவிடும். காரணம், பப்பாளிப் பாலிலுள்ள பப்பேயின் என்ற நொதி. அது புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரிக்கோல். தொழிற்சாலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. மீனின் குருத்தெலும்பைச் சுத்தம் செய்து, வேண்டாத புரதங்களை நீக்கி, வெந்நீரில் ஜெலட்டினை இறக்குகிறார்கள். பிறகு பப்பேயின் போன்ற ஒரு நொதியைச் சேர்த்து, இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைத்து வெட்ட விடுகிறார்கள். போதுமான அளவு வெட்டியானதும் நன்றாகச் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்து, வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். முழுக் கொலாஜனின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 300,000. பொடியிலுள்ள துண்டுகளின் எடையோ சில ஆயிரம்தான். கப்பல் கயிற்றைக் கத்தரித்து விரல் நீளத் துணுக்குகளாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வெட்டுவதால் குணமும் மாறிவிடுகிறது. அந்தப் பொடி இனிமேல் உறையாது. குளிர்ந்த நீரில்கூட எளிதில் கரையும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. ஆதலால் மீன் உருண்டை, சொசேஜ் போன்றவற்றில் சேர்த்தால் அவை காய்ந்துபோகாமல் மெதுவாக இருக்கும். நுரை எழுப்பவும், எண்ணெயையும் நீரையும் ஒன்றாகக் கலந்து நிறுத்தவும் அது ஓரளவு பயன்படுகிறது.

எண்ணெயும் நீரும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று கேட்கிறீர்களா? பால்மரத்துப் பாலை நினைத்துப் பாருங்கள். பார்க்க நீர்போல இருந்தாலும் அதற்குள்ளே எண்ணற்ற ரப்பர்த் துளிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதமும் கொழுப்புப் பொருளும் சேர்ந்த மெல்லிய போர்வை இருக்கிறது. அந்தப் போர்வைதான் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி காவல் காக்கிறது. பால் ஸ்டோரில் பார்மிக் அமிலத்தை ஊற்றியதும் காவல் குலைந்து பால் உறைகிறது. உணவுப் பண்டத்தில் கொலாஜன் துண்டுகளும் இதுபோல எண்ணெய்த் துளிகளுக்குப் போர்வையாகின்றன. ஆனால் அளவுக்கு மீறிப் பொடிப்பொடியாக வெட்டிவிட்டால் போர்வை கிழிந்துவிடும், நுரையும் நிற்காது. பால் வெட்டுகிறவருக்கு இது புரியும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்துக்குக் காயம். வெட்டு அளவோடு இருக்க வேண்டும்.

அடுத்து, விளம்பரக்காரர்கள் பெரிதாகப் பேசும் குணத்துக்கு வருவோம். ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். பிராணவாயுவினால் வரும் கெடுதலைத் தடுக்கும் குணம் என்பது இதன் பொருள். பிராணவாயு இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் அதே வாயுதான் பொருள்களைக் கெடுக்கவும் செய்கிறது. பழைய ரப்பர்ச் செருப்பு வெயிலிலும் காற்றிலும் கிடந்து பிசுபிசுத்து வெடித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. ரப்பர் ஷீட்டைப் புகை வீட்டில் தொங்கவிடுவது உலர்த்துவதற்கு மட்டுமன்று. புகையிலுள்ள சில பொருள்கள் பூஞ்சணத்தையும் இந்தக் காற்றுக் கெடுதலையும் தடுக்கின்றன. கார்ச் சக்கரத்துக்கு டயர் செய்யும்போதும் இத்தகைய தடுப்புப் பொருளைச் சேர்த்தே செய்கிறார்கள். சமையல் எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதும் பிராணவாயுவின் வேலைதான். நம் செம்பனை எண்ணெயில் இயற்கையாகவே வைட்டமின் ‘ஈ’ வகைகள் இருப்பதால் அது சற்று அதிக காலம் தாக்குப்பிடிக்கிறது.

நம் உடம்பிலும் பிராணவாயுவைப் பயன்படுத்தும்போது சில முரட்டுத் துகள்கள் உண்டாகின்றன. அவை கிடைத்ததைப் பிடித்து இழுக்கும் சுபாவம் உள்ளவை. அவற்றை அடக்க உடம்பே காவல் ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து காய்கறி, பழங்களும் உதவி செய்கின்றன.

மீன் குருத்தெலும்பிலிருந்து பெற்ற கொலாஜன் துண்டுகளுக்கும் இந்த அடக்கும் குணம் உண்டு என்பது உண்மையே. சோதனைச் சாலையில் ஊதா நிறச் சாயம் ஒன்றில் அவற்றைச் சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகிறது. முரட்டுத் துகள் அடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சில துண்டுகள் தம்மிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தத் துகளைச் சாந்தப்படுத்துகின்றன. வேறு சில, இந்தக் கெடுதலைத் தூண்டிவிடும் இரும்பு, செம்பு அணுக்களைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. பொதுவாக, சிறு துண்டுகளுக்கு இந்தச் சக்தி கூடுதல். நீளமான சங்கிலிக்குள் மறைந்திருந்த பகுதிகள் வெட்டியபின் வெளிப்படுவது ஒரு காரணம். சுறாவின் குருத்தெலும்பிலிருந்து இத்தகைய சிறு துண்டுகளைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பையும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மீன் எண்ணெயும் மீன் பண்டங்களும் சிக்கு அடிக்காமல் வைத்துக்கொள்ள இவை உதவும் என்ற நோக்கில் ஆராய்ச்சி நடக்கிறது. மீன் ஆலைகளில் சதையை எடுத்தபின் மீனின் எடையில் பாதிக்கு மேல் கழிவாகிப் போகும் நிலையில், அந்தக் கழிவைப் பயனுள்ள பொருளாக்குவது நல்ல காரியந்தானே.

ஆனால் நேயர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வேறு, மனித வயிறு வேறு. சோதனைச் சாலையில் துண்டும் சாயமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. நாம் குடிக்கும் பொடியோ இரைப்பையைக் கடந்து, குடலில் இன்னும் பொடியாகி, பெரும்பகுதி தனித்தனி அமினோ அமிலங்களாகவே இரத்தத்தில் சேர்கிறது. இட்லியின் உளுந்துப் புரதத்துக்கும் இதே கதிதான். அதற்காக ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்றும் சொல்ல முடியாது. கொலாஜன் உண்டவர்களின் இரத்தத்தில் இரண்டே அமினோ அமிலங்கள் சேர்ந்த மிகச் சிறு துண்டுகள் சில காணப்பட்டதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் தெரிவித்தார்கள். ஆகவே வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனால் குழாயில் சாயம் மங்கியதைக் காட்டி ‘உங்கள் முட்டி குணமாகும்’ என்று சொல்வது, விதையைக் காட்டி அறுவடைக் கணக்குச் சொல்வது போன்றது.

முட்டி வலியைப் பற்றி மனிதர்களிடமே சோதனைகள் நடந்திருக்கின்றன. நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை, மூன்று முதல் ஆறு மாதங்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் வலி ஓரளவு குறைந்தது. ஆனால் பல சோதனைகளில் கலந்துகொண்டோர் தொகை சிறியது. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பொடி தயாரிப்பவர்களே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் அதுவரை வந்த ஆதாரங்களைப் பரிசீலித்து, கொலாஜன் பொடி மூட்டுகளைப் பாதுகாக்கும் என்பது நிரூபணமாகவில்லை என்று முடிவு சொன்னது. தேய்ந்துபோன குருத்தெலும்பைப் பழையபடி வளர்த்துக் கொடுக்கும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால்தான் அது காயப்பட்டால் ஆறுவது கடினம்.

புற்றுநோயைப் பற்றிச் சொல்லும் பேச்சு இன்னும் ஆபத்தானது. சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்று 1992இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளியாகி, சுறாக் குருத்தெலும்பு மாத்திரைகள் உலகெங்கும் விற்றன. சுறாவுக்கும் புற்றுநோய் வரும் என்பதே உண்மை. முற்றிய மார்பகப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் உள்ள 83 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2005இல் வெளிவந்தது. சுறாக் குருத்தெலும்பு உண்டவர்களுக்கு ஆயுளும் கூடவில்லை, சுகமும் கூடவில்லை. நம் நாட்டிலும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டால், போன காலம் திரும்ப வராது.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: “வாத்தியாரையா, முட்டிக்குன்னு மாசாமாசம் அந்தப் பொடி வாங்குறேன். அதனால பிள்ளைங்களுக்கு முட்டை வாங்குறதக் கொறைச்சுட்டேன். அதுவும் புரதந்தானே?” நியாயமான கேள்வி. ஒரு பாக்கெட் பொடி 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 5 கிராமுக்கு மேல் புரதம் இருக்க முடியாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையின் புரதம் பூரணமானது. கொலாஜனிலோ டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. வளரும் பிள்ளைக்கு முட்டை, பருப்பு, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவற்றுக்குப் பதிலாகக் கொலாஜன் பொடி ஒருபோதும் ஆகாது. பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போடுவது நட்டக் கணக்கு. இதை அந்தத் தாயாரிடமும் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கித்தான் பார்ப்பேன் என்பவர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். கொலாஜன் மீனிலிருந்தும் வரும், மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். ‘ஈக்கான்’ என்றிருக்கிறதா, ‘லெம்பு’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். மீன் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் மீன் கொலாஜனைத் தொடக்கூடாது. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மருந்துபோல விற்கப்படும் பண்டமாக இருந்தால், எம்.ஏ.எல். எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். உணவுப் பொருளாக விற்கப்படுவது நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

முக்கியமாக ஒன்று. மூன்று நாளில் வலி மாயமாய் மறைந்துவிட்டதென்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூட்டு வலிக்கென்று விற்ற சில பண்டங்களில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. நாளாவட்டத்தில் முகம் வீங்கும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு பலமிழக்கும். உண்மையான கொலாஜனுக்கு அப்படி மூன்று நாள் மாயம் கிடையாது.

சரி, பொடி வேண்டாம் என்றால் முட்டிக்கு என்னதான் செய்வது? 20 கிலோவுக்கு மேற்பட்ட செம்பனைக் குலையைத் தூக்கி, மேடு பள்ளத்தில் தள்ளுவண்டி தள்ளி, உதிரிப்பழம் பொறுக்கக் குனிந்து நிமிர்ந்த முட்டி அல்லவா! முதலாவது, உடல் எடை. எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. இரண்டாவது, தொடைத் தசைக்குப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். இதற்குக் காசு வேண்டாம். மூன்றாவது, வலி தொடர்ந்தால், வீக்கம் இருந்தால், அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒரு டப்பாப் பொடியின் விலையில் பல தடவை போய்வரலாம்.

உணவில், மீன் தலையையும் நடுமுள்ளையும் வீசாமல் சூப்பு வையுங்கள். புளியோ எலுமிச்சையோ சேர்த்து மெல்லிய தீயில் வேகவிட்டால் கொலாஜன் இளகி இறங்கும். திருக்கை வாங்கினால் அதன் குருத்தெலும்பை நன்றாக மென்று தின்னலாம். பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டாம். இந்தச் சூப்பும் மருந்தல்ல, சத்துள்ள உணவு, அவ்வளவே. நம் உடம்பு தனக்கு வேண்டிய கொலாஜனைத் தானே திரித்துக்கொள்ளும். அதற்குப் புரதத்தோடு வைட்டமின் ‘சி’யும் வேண்டும். அது இல்லாவிட்டால் முப்புரிக் கயிறு முறுக்கேறாது. வேலியோரத்துக் கொய்யா, எலுமிச்சை, முருங்கைக்கீரை இவற்றில் அது இருக்கிறது.

விஞ்ஞானம் மீன் கழிவிலிருந்தும் ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. அதை மதிப்போம். அதன் பெயரைச் சொல்லி ஒருவர் வாசலில் வந்து நின்றால், “இது சோதனைக் குழாயில் கண்டதா, மனிதரிடம் கண்டதா? எத்தனை பேரிடம்? எத்தனை மாதம்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.